"இதுவும் அதேதான்க்கா": மதுரை மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரையில் மருந்துக்கடை நடத்தும் அண்ணன்மாருக்கும், கவுண்டரில் நின்று மாத்திரை எடுத்துத் தரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நான் தெற்குவாசல் பக்கம் குடியிருக்கிறேன். 11 வருடமாகத் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஆடியில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். என் மாத்திரை இருப்பில்லை. "இதுவும் அதேதான்க்கா, கம்பெனி மட்டும்தான் வேற" என்று முப்பதை எண்ணி ஒரு பேப்பர் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. நல்ல மனுசர், கடன் சொன்னாலும் முகம் சுளிக்காதவர்.

வெள்ளை மாத்திரை போய் ஆரஞ்சு வந்தது. ஐந்தாம் நாள் கழுத்தில் தடிப்பு, அப்புறம் கை, முதுகு. அரிப்பில் ராத்திரித் தூக்கம் போயிற்று. கத்தரிக்காயை நிறுத்தினேன், கருவாட்டை நிறுத்தினேன், சோப்பை மாற்றினேன். என் மாமியார் கண் திருஷ்டி என்று மூன்று தெருமண் எடுத்துச் சுற்றிப் போட்டார். நாலாவது வாரம் டாக்டர்தான் கேட்டார்: "மாத்திரை ஏதும் மாத்துனீங்களா?" கடைக்குத் திரும்பிப் போய் அந்த டப்பாவை வாங்கி, மாமியாரின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரியில் சாயத்தின் பெயர் இருந்தது. டாக்டர் பழைய வெள்ளைக்கே மாற்றினார். பத்து நாளில் தோல் அடங்கியது.

"அதேதான்" என்று சொன்னது பொய்யில்லை. மருந்து அதேதான், லெவோதைராக்ஸின். ஆனால் அது எத்தனை துளி? 50 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்றின் எடை நூறு மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் மருந்து இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் உருவம் கொடுக்கச் சேர்க்கும் சரக்கு: லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை, சோள மாவு, பிசின், சாயம் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என் டப்பாவில் அதைப் பற்றி எழுதியிருப்பது "எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்." என்ற இரண்டே சொல். எக்ஸிபியன்ட்ஸ் என்றால் இந்தச் சேர்க்கிற சரக்கு, க்யூ.எஸ். என்றால் தேவையான அளவு என்று அர்த்தமாம். சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்பார்களே, அந்த மாதிரி. உப்பு என்றாவது பெயர் சொல்கிறார்கள். இங்கே அதுவும் இல்லை. பால் ஒவ்வாதவர்கள் என்ன செய்வார்கள்? ஜிகர்தண்டா வேண்டாம் என்று விளக்குத்தூணைத் தாண்டி நடந்துவிடலாம். மாத்திரைக்குள் இருக்கும் பால் சர்க்கரையை எப்படித் தாண்டுவது? கொஞ்சூண்டுதான், பலருக்கு ஒன்றும் செய்யாது என்பதும் நிஜம். ஆனால் பால் சர்க்கரை செரிக்காத சிலருக்கு இந்த மருந்தே கூடுதல் அளவில் தேவைப்படுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

சாயம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பழைய வழி உண்டு. அங்கே பல கம்பெனிகளில் அளவுக்கு ஒரு நிறம். 50 மட்டும் சாயமில்லாத வெள்ளை. அதையே ஒன்றரை, இரண்டு என்று கொடுத்து டாக்டர்கள் அளவைச் சரிக்கட்டுவார்கள். ஜெலட்டின் கூட்டுக்குள் கிளிசரினும் தண்ணீரும் மருந்தும் மட்டும் உள்ள வகைக்கு அங்கே 2006லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நான் ஆறு கடையில் கேட்டேன், இல்லை. கிடைத்தாலும், மாட்டு எலும்பு, தோல் மாதிரியானவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் என்றதும் எங்கள் எதிர்வீட்டு சைவக்கார அக்கா தொடமாட்டார், அது வேறு சிக்கல்.

என் தோல் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அதனால் தப்பித்தேன். என் நாத்தனார் கதை அப்படியில்லை. உசிலம்பட்டியில் இருக்கிறாள். தைராய்டு மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் டி.எஸ்.ஹெச். (மருந்து போதாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன்) ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அளவைக் கூட்டினார், மறுபடி கூட்டினார். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, பகலெல்லாம் தூக்கம். வீட்டில் "சோம்பேறி" என்று பேரும் வாங்கிக்கொண்டாள். கடைசியில் பார்த்தால், காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை, கூடவே கேஸ் மாத்திரை, அதன் மேலேயே சூடாக ஒரு டம்ளர் காபி, டிபன் முடித்த கையோடு பிரசவத்துக்குப் பிறகு கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை. நாலும் ஒரே கவரில் ஒரே கடையில் வாங்கியவை, காபியைத் தவிர.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இரும்பும் கால்சியமும் குடலிலேயே இந்தத் தைராக்ஸின் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. அதனால்தான் நாலு மணி நேர இடைவெளி. மாத்திரை நன்றாகக் கரைய வயிற்று அமிலம் வேண்டும். கேஸ் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் அடக்குகிறது. வயிற்றில் பைலோரி கிருமியோ நாள்பட்ட இரைப்பை அழற்சியோ இருந்தாலும் இதே கதை. 2006ல் இத்தாலி டாக்டர்கள் எழுதியதில், அப்படிப்பட்டவர்களுக்கு 22 முதல் 34 சதவீதம் வரை கூடுதல் மருந்து தேவைப்பட்டது. காபி உறிஞ்சலைக் குறைக்கிறது என்று 2008ல் எழுதியவர்களும் இத்தாலிக்காரர்கள்தான். காபிக்காரர்களே சொல்லும்போது நாம் மறுக்க முடியுமா? நாத்தனார் இப்போது மாத்திரையைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டு வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கிறாள். காபிக்கு முக்கால் மணி நேரம் ஆகிவிடுகிறது. சத்து மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. கேஸ் மாத்திரை இனி தேவையா என்பதை டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். தைராய்டு மாத்திரையின் அளவு இறங்கத் தொடங்கியிருக்கிறது.

உங்கள் கண்ணில் இதெல்லாம் படாததற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் மாத்திரை வேலை செய்யவில்லை என்றால் மறுநாளே வந்து சத்தம் போடுவோம். தைராக்ஸின் அப்படியில்லை, உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் எடுக்கும். இன்றைக்குக் கம்பெனி மாற்றிக் கொடுத்தால், அது கூடியதா குறைந்ததா என்று ரத்தத்தில் தெரிய ஆறு வாரம் ஆகும். அதற்குள் நீங்கள் மறந்திருப்பீர்கள், நாங்களும் மறந்திருப்போம். இந்த மருந்தில் கொஞ்சம் கூடினால் நெஞ்சு படபடப்பு, கொஞ்சம் குறைந்தால் உடம்பு கல்லாய்க் கனக்கும். பழி வயசு மேலோ மருமகள் மேலோ விழும்.

அதனால் கேட்கிறேன். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். மாற்றித்தான் தர முடியும் என்றால், "டாக்டரிடம் கேட்டுட்டு வாங்கக்கா, ஆறு வாரத்துல டெஸ்ட் எடுக்கணும்" என்று ஒரு வார்த்தை. விலை குறைந்த கம்பெனியை நான் குறை சொல்லவில்லை. முதல்வர் மருந்தகத்தில் வாங்கினாலும் பெரிய கடையில் வாங்கினாலும் எங்களுக்கு வேண்டியது மாதாமாதம் ஒரே மாத்திரை. டப்பாவாக வருவதை எண்ணி பேப்பர் கவரில் போடாதீர்கள். வெளிச்சமும் ஈரமும் சூடும் இந்த மருந்துக்கு ஆகாது, கவரில் சாயத்தின் பெயரும் இருக்காது. கத்திரி வெயிலில் ரோட்டைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் அந்த டப்பாக்கள் நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. டப்பாவுக்குள் இருக்கும் மடித்த துண்டுச்சீட்டைத் தூக்கிப் போடாமல் கேட்பவருக்குக் கொடுங்கள். உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று சில கம்பெனிகள் அதில் போட்டிருக்கலாம். போடாத கம்பெனிக்கு நான் போன் போட்டால் மதிக்க மாட்டார்கள், உங்கள் கடைக்கு வரும் கம்பெனி ரெப்பிடம் (விற்பனைப் பிரதிநிதியிடம்) நீங்கள் கேட்டால் பதில் வரும்.

இன்னொன்று. சீட்டில்லாமல் கேஸ் மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் "தைராய்டு மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேளுங்கள். அரை நிமிடம் ஆகும். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

வருகிற சனிக்கிழமையோடு என் டப்பா தீர்கிறது. சாயங்காலம் வருவேன். வெள்ளை வந்திருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் பெரியாஸ்பத்திரிப் பக்கம் போய்த் தேடிக்கொள்கிறேன், கோபமில்லை.

இப்படிக்கு,
தெற்குவாசலிலிருந்து ஒரு தைராய்டு மாத்திரைக்காரி