கேஸ் கீசருக்குள்ள சிலந்தி வலை

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

குளிர் காலம் வந்தா பாத்ரூம்ல கேஸ் கீசர் போட்டு குளிச்சவங்க மூச்சுத்திணறி இறந்துட்டாங்கன்னு உங்க பேப்பர்ல படிச்சிருக்கேன், பாவம்னு சொல்லிட்டு அடுத்த பக்கம் போயிடுவேன். போன ஆகஸ்ட்ல எங்க வீட்லயே அது நடக்க இருந்துச்சு, அதான் எழுதுறேன்.

நாங்க குன்னூர். மகளுக்கு பிரசவம்னு ரெண்டு மாசம் வீட்டைப் பூட்டிட்டு எல்லாருமே கோயம்புத்தூர்ல இருந்தோம். திரும்பி வந்து கீசரை போட்டா டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, பத்தல. பேட்டரி மாத்தினோம், அப்புறம் 'புஸ்'ஸுனு பத்துச்சு, ஆனா நீலமா எரிய வேண்டிய தீ மஞ்சளா நாக்கை நீட்டி ஆடுது. சர்வீஸுக்கு ஒரு பையன் வந்தான், மூடியைக்கூட கழட்டல, கேஸ் பிரஷர் ஜாஸ்தின்னு ரெகுலேட்டரை மாத்தி காசு வாங்கிட்டு போயிட்டான்.

மறுநாள் காலைல என் மாமியார் குளிக்கப் போனாங்க, ரொம்ப நேரமா தண்ணி சத்தம் மட்டும்தான் வருது, கதவைத் தட்டினா "தலை சுத்துதும்மா"ன்னு முனகுறாங்க, நல்லவேளை தாழ்ப்பா போடல. ஆஸ்பத்திரில விரல்ல மாட்டுற கிளிப் ஆக்சிஜன் அளவு 98னு நார்மலா காட்டுச்சு. கீசர்னு சொன்னப்புறம்தான் டாக்டர் உடனே ஆக்சிஜன் மாஸ்க் போட்டார், கார்பன் மோனாக்சைடுங்கற விஷக்காத்து ரத்தத்துல ஆக்சிஜன் இடத்துல போய் ஒட்டிக்கும், கிளிப்புக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதுன்னார். அந்த விஷக்காத்துக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

அப்புறம் வயசான மெக்கானிக் ஒருத்தர் வந்து பர்னரை கழட்டி, ஒவ்வொரு குழாயிலயும் மெல்லிசு கம்பிய விட்டு இழுத்தார். மூணு குழாயில இருந்து பஞ்சு மாதிரி வெள்ளையா வலை வந்துச்சு, ஒண்ணுல குட்டி முட்டைப் பை வேற. கேஸ் ஒரு ஊசிமுனை ஓட்டை வழியா அந்தக் குழாய்க்குள்ள பீச்சி அடிக்கிறப்ப காத்தையும் இழுத்துக்கிட்டு போய்தான் நீலமா எரியுமாம், வலை காத்தை அடைச்சா கேஸ் அரைகுறையா எரிஞ்சு இந்த விஷக்காத்து வருமாம். அடுப்பை ரொம்ப நாள் சும்மா போட்டு வச்சாலும் இதே கதைதான், குளவி மண்ணு வச்சு அடைக்கிறதும் உண்டுன்னார்.

சிலந்தி அவ்வளவு பண்ணுமான்னு கேக்கறவங்களுக்கு சொல்றேன், 2011ல மஸ்டா கம்பெனி பெட்ரோல் டேங்க்கோட காத்துக் குழாயில சிலந்தி வலை கட்டுதுன்னு வட அமெரிக்காவுல சுமார் 65,000 காரை திரும்ப வரச் சொல்லி சரி பண்ணுச்சு. கார் கம்பெனியே பயந்த விஷயம், நம்ம வீட்டு கீசருக்கு வர்ற ஆளுங்க மூடியைக்கூட திறக்க மாட்டேங்கறாங்க.

எனக்கு பெரிய கவலை ஹோம்ஸ்டேங்கதான். மழைக்காலத்துல மாசக்கணக்கா பூட்டிக் கிடக்கும், சீசன் வந்தா குழந்தைகுட்டியோட வந்து இறங்குவாங்க, குளிருக்கு பாத்ரூம் ஜன்னலையும் சாத்திடுவாங்க. திறக்கிறதுக்கு முன்னாடி பர்னரை கழட்டி சுத்தம் பண்ணியே ஆகணும்னு மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடணும், கீசரை பாத்ரூமுக்கு வெளியில மாட்டச் சொல்லணும். நீங்களும் இனிமே கீசர் சாவு செய்தி போடுறப்ப, தீ மஞ்சளா எரிஞ்சா உடனே அணைச்சிட்டு மெக்கானிக்கை கூப்பிடுங்கன்னு பக்கத்துலயே ஒரு பெட்டிச் செய்தி போடுங்க அய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்