கைவைக்க வேண்டாம் என்றதும் நீங்கள்தான்

மட்டக்களப்பிலுள்ள வாகனக் காப்புறுதிக் கிளைகளின் முகாமையாளர்களுக்கு,

வணக்கம். மாரி தொடங்கி உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் நான் கராஜ் முற்றத்தை ஒதுக்கத் தொடங்கிவிடுவேன். 2011 ஜனவரியிலும் சரி, 2024 நவம்பரிலும் சரி, வெள்ளத்தில் நின்ற கார்கள் கட்டியிழுத்து வந்து நிறைந்தது அந்த முற்றத்தில்தான். வெள்ளத்துக்கு உங்களைக் குறை சொல்ல முடியாது. சேதத்தை மதிப்பிட நீங்கள் அனுப்பும் அசெஸர் வரும்வரை அந்தக் கார்கள் சும்மா கிடக்கும் நாட்களைப் பற்றியே எழுதுகிறேன்.

கார்ப்பெட்டுக்குக் கீழேயுள்ள பஞ்சு தண்ணீரைக் குடித்துவிட்டால் விடாது. வயரிங் ஓடுவதும் அதற்கடியில்தான். சில ஹைபிரிட் கார்களில் பெரிய பற்றரியே சீற்றுக்குக் கீழே இருக்கிறது. குளத்துத் தண்ணீர் என்றாலாவது நன்னீர். வாவிக்கரை வளவில் நின்ற கார் என்றால் உவர்நீர். கனெக்டர்கள் சில நாளிலேயே பச்சை பிடித்துவிடும். முதல் நாளே சீற்றைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, காற்றடித்துக் காயவிட்டால் பிழைக்கிற வயரிங்கை, பத்தாம் நாள் முழுதாக மாற்ற வேண்டி வருகிறது.

போன வெள்ளத்தில் ஒரு ரீச்சரின் கார் வந்தது. "அசெஸர் பார்க்காமல் ஒன்றிலும் கைவைக்க வேண்டாம்" என்று போனில் சொன்னார்களாம். அவரும் என்னைத் தொடவிடவில்லை. ஒன்பதாம் நாள் வந்த அசெஸர் பூஞ்சணத்தையும் துருவையும் பார்த்துவிட்டு, இது கவனிக்காமல் விட்டதால் வந்த சேதம் என்று எழுதிக்கொண்டு போனார். கைவைக்காதே என்றதும் நீங்கள், ஏன் கைவைக்கவில்லை என்று கேட்டதும் நீங்கள். ரீச்சருக்கு நான் என்ன பதில் சொல்ல?

எங்கட ஆட்களிலும் பிழை உண்டு. தண்ணீர் வடிந்ததும் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார்கள். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ரொட்தான் வளையும். டிப்ஸ்டிக்கை இழுத்தால் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்தக் கிளெய்மை நீங்கள் மறுத்தால் வாதாட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால், பிரீமியம் கட்டும் நாளைத் தவறாமல் ஞாபகப்படுத்தும் உங்கள் குறுஞ்செய்தி, வான்கதவு திறக்கும் நாளில் "ஸ்டார்ட் பண்ணாதீர்கள், பற்றரி வயரைக் கழற்றுங்கள்" என்று தமிழில் ஒரு வரி சொல்லக்கூடாதா?

இன்னொன்று. 2020இல் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களின் விலை எங்கேயோ போய்விட்டது. பலர் பழைய பெறுமதியிலேயே பொலிசியைப் புதுப்பித்துவிட்டு, காரின் விலையைவிடக் குறைவாகக் காப்புறுதி செய்தது என்று கிளெய்மில் வெட்டு விழும்போதுதான் முழிக்கிறார்கள். புதுப்பிக்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள். வெள்ளச் சேதம் அந்தப் பொலிசிக்குள் அடங்குமா என்பதையும் சேர்த்து.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. வீதி மூழ்கிய நேரத்தில் அசெஸரால் வரமுடியாது என்பது எனக்கும் விளங்கும். நீர் நின்ற அடையாளம், செசி நம்பர், மீற்றர் மூன்றும் தெரிய வீடியோ எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கழற்றிக் காயவைக்கலாம் என்று அன்றைக்கே எழுத்தில் அனுமதி தாருங்கள். கழற்றிய சாமான் ஒவ்வொன்றையும் கார் நம்பர் எழுதி மூலையில் அடுக்கி வைத்திருப்பேன். அசெஸர் ஆறுதலாக வரட்டும்.

இப்படிக்கு,
கராஜ்காரன் ஒருவன்,
மட்டக்களப்பு.