சம்பந்தியின் சொந்த ஊர்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

ஜெர்மன்காரரான என் மாமியாரின் முன்னோர் ஊரையும் அவர்கள் கதையையும் தேட உதவியவர்களுக்கான நன்றி மடல் இது. இதை ஜெர்மன் மொழியில் ஏற்கெனவே எழுதி, போன மாதம் அந்த ஊர்க்காரர்கள் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒன்றரைப் பக்கம்தான். தெற்கு ஜெர்மனியின் ஷ்வேபிய மலைக்காரர்கள் வாய்நிறையப் பாராட்டினால் கூச்சப்படுவார்கள். “குறை ஒன்றும் இல்லை” என்பதுதான் அங்கே உச்சகட்டப் பாராட்டு. தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்தத் தடை இல்லை. எனக்கு உதவியவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் இதை எழுதாமல் இருக்கவும் முடியாது.

ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். அந்த ஊரில் எனக்குப் பழைய பதிவேடு படிக்கக் கற்றுத்தந்த ஆசிரியர் ஐயா கேட்டுக்கொண்டது அது. “இங்கே எந்த வீட்டைச் சொன்னாலும் யார் வீடு என்று தெரிந்துவிடும்” என்றார். லைஹிங்கன் நகரத்தில் இருந்து கொஞ்ச தூரம், மலை மேல் இருக்கும் சின்ன ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆட்களின் பெயரும் இல்லை. யார் யார் என்று அவரவருக்குத் தெரியும்.

எல்லாம் என் அம்மா கேட்ட கேள்வியில்தான் தொடங்கியது. நான்கு வருடம் முன்பு சென்னிமலையில் இருந்து ஜெர்மனியின் உல்ம் நகரத்துக்கு வந்திருந்தார். என் மாமியாரோடு மேசையில் உட்கார்ந்து, நடுவில் என்னை வைத்துக்கொண்டு, “ஏனுங்க சம்பந்தி, உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க?” என்றார். மாமியார் “உல்ம்” என்றார். அம்மா விடவில்லை. “அது இப்ப இருக்கிற ஊரு. சொந்த ஊரு எதுங்கிறேன்.” நான் மொழிபெயர்த்தேன். மாமியார் பதில் சொல்லாமல் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

அன்று இரவு அவரே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். 1944 டிசம்பர் 17 இரவு குண்டு விழுந்து உல்மின் பழைய நகரம் எரிந்தபோது அவருக்கு மூன்று வயது. தேவாலயக் கோபுரம் தப்பியது, அவர்கள் வீடு தப்பவில்லை. வீட்டில் இருந்து மிஞ்சிய காகிதங்கள் அந்த டப்பாவுக்குள் இருந்தவை மட்டும்தான். அதில் ஒன்று ‘ஆனென்பாஸ்’, அதாவது மூதாதையர் கையேடு. 1933க்குப் பிறகு நாஜி அரசு, அரசு வேலை போன்றவற்றில் இருப்பவர்கள் தங்கள் பாட்டன் பாட்டி யாரும் யூதர் இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. அதற்காக ஜெர்மனி முழுக்க ஆட்கள் பங்குக் கோயில்களுக்கு, அதாவது ஊர்த் தேவாலயங்களுக்கு, எழுதிப்போட்டு, பழைய பதிவேடுகளில் இருந்து நகல் வாங்கி, இந்தக் கையேட்டை நிரப்பினார்கள். இன்று வம்சம் தேடுகிற பலருக்கு முதல் தடயம் அந்தக் கேடுகெட்ட சட்டத்துக்காக நிரப்பிய காகிதம்தான். கையில் எடுக்கும்போது எனக்குக் கூசியது. மாமியாருக்கு வேறு காரணத்துக்காகக் கூசியிருக்கிறது. அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயருக்கு எதிரே, பிறந்த ஆண்டு 1866, ஊர்ப் பெயர், அப்புறம் ஒரு சொல்: ‘உன்ஏலிஷ்’. திருமணத்துக்கு வெளியே பிறந்தவள்.

“அப்பா அந்த ஊர்ப் பெயரை வீட்டில் எடுக்கவே மாட்டார்” என்றார் மாமியார். அவ்வளவுதான் சொன்னார்.

முதல் வருடம் நான் வீணடித்தேன். பணம் வாங்கிக்கொண்டு வம்சவரிசை போட்டுத் தருகிற ஒரு நிறுவனம் ஆறு மாதத்தில் ஒரு மரத்தையும், கூடவே சிங்கம் போட்ட ஒரு குலச்சின்னத்தையும் அனுப்பியது. அதே பெயரில், வேறு ஊரில் இருந்த வேறு ஆள். அந்தக் காலத்து ஷ்வேபியக் கிராமத்தில் பாதிப்பேர் யோஹான்னஸ், மீதிப்பேர் யோஹான் கியோர்க். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் யார் வீட்டு முற்றத்துக்கு வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். ஊரைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவர், ஸ்டுட்கார்ட் மோரிங்கனில் இருக்கும் தேவாலயச் சபையின் ஆவணக் காப்பகத்தில் வாசிப்பறைப் பொறுப்பில் இருந்த பெண்மணி. அவருக்கு முதல் நன்றி. 1876இல்தான் நாடு முழுக்க அரசுப் பிறப்புப் பதிவு வந்தது, அதற்கு முந்தையது எல்லாம் கோயில் பதிவேட்டில்தான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அந்த மலை ஊர் அப்போது இருந்த வூர்ட்டம்பெர்க் நாட்டில் 1808இல் இருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிப்பக்கம் போட்டு எழுதிய குடும்பப் பதிவேடும் உண்டு என்றார். அப்பா, அம்மா, பிள்ளைகள், பிறப்பு, திருமணம், சாவு என்று எல்லாம் ஒரே பக்கத்தில். நம் பக்கத்தில் கோயில் கோயிலாக அலைந்து தாத்தா பேர் தேடுகிறவர்கள் கேட்டால் பொறாமைப்படுவார்கள்.

பக்கம் கிடைத்தது. படிக்கத் தெரியவில்லை. குர்ரென்ட் என்ற பழைய கையெழுத்து. இன்றைய ஜெர்மானியர்களிலேயே நிறையப் பேருக்கு வராது. எகரம் பார்க்க னகரம் போலவே இருக்கும். உகரத்துக்கு மேல் ஒரு கொக்கி போட்டிருந்தால்தான் அது உகரம். நெசவாளர் என்று பொருள்படும் ‘வேபர்’ என்ற நாலைந்து எழுத்துச் சொல்லை இரண்டு வாரம் ‘வ்ன்ப்ன்ர்’ என்று படித்துக்கொண்டிருந்தேன். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள் என்று வெளியே சொல்ல வெட்கம்.

அப்போதுதான் ஆசிரியர் ஐயா வந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எண்பதைத் தாண்டியவர், ஊர் வரலாற்றுக் குழுவில் மிச்சமிருக்கும் மூன்று பேரில் ஒருவர். பங்குக் கோயில் அலுவலகத்தில் இருந்த பெண்மணி அவரிடம் அனுப்பிவைத்தார். கதவைத் திறந்ததும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “எந்த வீடு?” என்றார். எனக்குப் புரியவில்லை. குடும்பப் பெயர் சொன்னேன். “அந்தப் பெயரில் ஒன்பது குடும்பம் இருந்தது. வீட்டுப் பெயர் என்ன?” அங்கே ஆட்களை வீட்டுப் பெயரால்தான் சொல்வார்களாம். மேட்டுவீட்டு ஹான்ஸ், குளத்தோரத்து கியோர்க் என்று. இதில் எனக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் என் பெயர் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது, கிணத்துவீட்டுப் பேத்தி என்றால் டீக்கடைக்காரரே வழி சொல்வார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம், மாதம் இரண்டு சனிக்கிழமை, அவர் வீட்டுச் சமையலறை மேசையில் எனக்குப் பாடம். அவர் மனைவி ஒவ்வொரு முறையும் ஆப்பிள் கேக். நான் எடுத்துப்போன முறுக்கை ஆசிரியர் ஐயா ‘உப்புப் போட்ட வளையம்’ என்று பெயர் வைத்து, நான் போனதும் பூட்டிவைத்துக்கொள்வாராம்.

ஒரு சனிக்கிழமை மறக்காது. குடும்பப் பதிவேட்டின் ஒரே பக்கத்தில் பதினொரு பிள்ளைகள். ஏழு பேருக்கு எதிரே சிலுவைக் குறி. யோஹான்னஸ் என்ற பெயர் மூன்று தடவை. முதல் பிள்ளை போனதும் அதே பெயர் அடுத்ததற்கு, அதுவும் போனதும் அதற்கடுத்ததற்கு. நெசவு ஊர்களில் பச்சைக் குழந்தைகள் சாவது மிக அதிகம் என்று லைஹிங்கனைப் பற்றி ஹான்ஸ் மெடிக் என்ற வரலாற்றாளர் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். படித்திருந்தேன். படித்ததற்கும் ஏழு சிலுவையை விரலால் தொட்டு எண்ணுவதற்கும் வித்தியாசம் இருந்தது. சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘கிஹ்டர்’, ‘கிஹ்டர்’, ‘கிஹ்டர்’. என்ன வியாதி என்று கேட்டேன். “இழுப்பு” என்றார். “எந்தக் காய்ச்சலாக இருந்தாலும் கடைசியில் குழந்தைக்கு இழுத்தது இல்லையா, அதை எழுதிவிடுவார்கள்.” அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஜன்னின்னு எழுதற மாதிரிதான்” என்றார்.

லைஹிங்கன் நெசவு அருங்காட்சியகத்தில் என்னைத் தறியில் உட்காரவிட்ட அக்காவுக்கும் நன்றி. கூட்டம் இல்லாத நாளில் வரச் சொல்லி, ‘டுங்க்’கைக் காட்டினார். பாதி தரைக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த அறை, மேலே சின்ன ஜன்னல். ஆளிநார் நூல் காய்ந்தால் பாவு அறுந்துகொண்டே இருக்கும், அதனால் ஈரம் வேண்டும். குடும்பமே அந்த ஈரத்தில் உட்கார்ந்து நெய்திருக்கிறது. இருமலும் மூட்டுவலியும் வராமல் என்ன செய்யும். வீடியோவில் காட்டியதும் அம்மா அறையைப் பார்க்கவில்லை, தறியைப் பார்த்தார். “தறிக்குழி மாதிரியே பண்ணியிருக்காங்க, ஆனா காலை வெச்சு மிதிக்கற கட்டை நம்மளதைவிட அகலமா இருக்குது.” அக்கா அதைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த மலை சுண்ணாம்புப் பாறை. மழை பெய்தால் தண்ணீர் அப்படியே உள்ளே போய்விடும். 1871இல் பள்ளத்தாக்கில் இருந்து குழாயில் தண்ணீர் ஏற்றத் தொடங்கும் வரை, களிமண் பூசிய குட்டைதான் மாட்டுக்கும், பல சமயம் மனிதருக்கும். விளைச்சல் போதாது, அதனால் தறி. நிலமும் அப்பா சொத்தும் ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் எல்லாப் பிள்ளைக்கும் சரிபங்கு. நல்ல சட்டம்தான். ஆனால் நாலு தலைமுறையில் ஒரு வீடு நாலாகிவிடும். இது எனக்குத் தெரிந்தது ஊராட்சி அலுவலக மாடியில் இருந்த ஒரு பெட்டியால். வூர்ட்டம்பெர்க்கில் 16ஆம் நூற்றாண்டில் இருந்து 1899 வரை, கல்யாணம் ஆனாலும் ஆள் செத்தாலும் வீட்டில் இருக்கும் சாமானை ஒன்று விடாமல் எழுதி விலை போட்டுவைப்பது வழக்கம். ஊராட்சி எழுத்தர் தன் மதிய உணவு நேரத்தில் எனக்காக அந்த மாடியைத் திறந்துவிட்டார். அவருக்குப் பெரிய நன்றி.

1838ஆம் வருடக் கல்யாணப் பட்டியலில் மாப்பிள்ளை கொண்டுவந்தது: கால் வீடு, பழைய தறி ஒன்று, ஒரு பைபிள், ஒரு பாட்டுப் புத்தகம். பெண் கொண்டுவந்தது: ஒரு இறகு மெத்தை, லினன் துணி, ஓர் ஆடு, ‘ஓட்டை அடைத்த’ செம்புப் பாத்திரம். ஓட்டை அடைத்தது என்று எழுதி, அதற்கும் விலை போட்டிருக்கிறார்கள். மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். கால் வீடு என்றதும் சிரித்தார். பாத்திரம் வந்தபோது, அதை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இந்தத் தம்பதியின் மகள்தான் 1866இல் கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை ஆசிரியர் ஐயா பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். ஓரத்தில், வேறு மையில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி. நான் அதை அழுக்கு என்று நினைத்திருந்தேன். அவர் வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு நிமிர்ந்தார். “பெற்றோர் 1871இல் திருமணம் செய்துகொண்டதால் இக்குழந்தை முறைப்படியானது.” அறுபதாண்டு கழித்துக் கையேட்டுக்கு நகல் எடுத்தவர் நடுவில் இருந்ததை எடுத்து, ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டார்.

ஏன் ஐந்து வருடம் காத்திருந்தார்கள்? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது, ஆனால் வாய்ச்சொல்லாகச் சொல்ல மாட்டேன் என்றார். ஊராட்சிக் கூட்டக் குறிப்புகளில் தேடச் சொன்னார். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. அந்தக் காலத்து வூர்ட்டம்பெர்க்கில், பிழைக்க வழி இருக்கிறது என்று காட்டாதவர்களுக்குக் கல்யாணம் செய்ய ஊராட்சி அனுமதி மறுக்கலாம். நாளைக்கு அவர்கள் பிள்ளைகளுக்கு ஊர் சோறு போட வேண்டிவருமே என்ற பயம். 1865இல் மனு. ‘நெசவாளர், சொத்து போதாது, மறுக்கப்படுகிறது.’ 1868இல் மறுபடி மனு, அதே பதில், இந்த முறை ஒரே வரி. 1871இல் புது ஜெர்மன் பேரரசோடு அந்தக் கட்டுப்பாடு போனதும், அதே வருடம் கல்யாணம்.

மாமியாரிடம் இதைச் சொல்ல நான் போகவில்லை. ஆசிரியர் ஐயாவே உல்முக்கு ரயிலேறி வந்து, அவர் முன்னால் உட்கார்ந்து, மூன்று தாளையும் வரிசையாக வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். மாமியார் கேட்டது ஒரே கேள்வி: “அப்படியானால் அவர்கள் கேட்டார்கள், இல்லையா? இரண்டு தடவை?” “இரண்டு தடவை” என்றார் அவர். இதற்கு எப்படி நன்றி எழுதுவது என்று எனக்கு ஜெர்மனிலும் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை.

கல்லறை ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெர்மனியில் கல்லறை வாடகைக்குத்தான். இருபது முப்பது வருடத்தில் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிடுவார்கள். அம்மாவால் அதை இன்னும் ஏற்க முடியவில்லை.

அப்புறம் நம்மவர்கள். மலைக்கு பஸ் இல்லாத ஞாயிறுகளில் காரோட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே தூங்கிய தம்பிக்கு, சனிக்கிழமைதோறும் என் பிள்ளைகள் இரண்டையும் தன் பிள்ளைகளோடு சேர்த்து மேய்த்த அக்காவுக்கு, “யார் வீட்டுப் பாட்டனையோ நீ ஏன் தேடுகிறாய்” என்று கேட்டுக்கொண்டே இணையக் காப்பகத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டித்தந்த நண்பருக்கு, உங்கள் எல்லோருக்கும் சனிக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமியார் சமைப்பதாகச் சொல்லியிருக்கிறார், அதனால் காரம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆசிரியர் ஐயாவுக்கு ஒரு சேதி. இதை யாராவது அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்: பூதக்கண்ணாடி என் பையிலேயே வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முன் கொண்டுவந்து தருகிறேன். முறுக்கும் உண்டு.