எடை குறைந்த பிறகுதான் துணை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் 90 நாள் எடைக்குறைப்புச் சவால், வாட்ஸ்அப் குழு, ஊசி மருந்து என்றே பேச்சாக இருக்கிறது. எடையைக் குறைத்துவிட ஆள் உண்டு. குறைந்தது ஏறாமல் பார்க்கத்தான் ஆளில்லை. சவால் முடிந்த அன்று சான்றிதழும் சால்வையும் தந்து குழுவைக் கலைத்துவிடுகிறார்கள். கடினமான காலம் அன்றுதான் தொடங்குகிறது.

எடை திரும்ப ஏறினால் "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று வீட்டில் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. ஆஸ்திரேலியாவில் 10 வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தார்கள். அப்போதும் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடியும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் ஹார்மோன் குறைந்தும் இருந்தன. 2011இல் வெளியான முடிவு இது. ஊசியிலும் இதே கதைதான்: செமாகுளுடைடு என்ற எடைக்குறைப்பு ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பழைய எடைக்கு இழுக்கும் உடம்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட மன உறுதி மட்டும் போதாது. பக்கத்தில் ஒருவர் இருந்து விசாரிக்க வேண்டும்.

விசாரிப்பதால் பலன் உண்டா? அமெரிக்காவில் எடை குறைத்த 314 பேரை 18 மாதம் கவனித்த ஆய்வு 2006இல் வந்தது. தபாலில் செய்திமடல் மட்டும் பெற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறியது. நேரில் கூடிப் பேசியவர்களில் 46 சதவீதம். நமக்கு இன்னும் நெருக்கமானது ஃபுளோரிடா கிராமப்புறப் பெண்களிடம் நடந்த 2008 ஆய்வு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஓராண்டு, தொலைபேசியில் பேசியவர்களுக்கும் நேரில் சந்தித்தவர்களுக்கும் ஏறியது சராசரியாக 1.2 கிலோதான், தபாலில் தகவல் மட்டும் பெற்றவர்களுக்கு 3.7 கிலோ. பந்தலூரிலிருந்து ஊட்டிக்கு ஆலோசனைக்காக பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும் மாவட்டத்தில், போனே போதும் என்பது சின்ன விஷயமல்ல.

ஆனால் போனில் என்ன பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏம்மா ஏறிப்போச்சு?" என்று தொடங்கினால், அடுத்த முறை எடை ஏறிய வாரத்தில் அந்த அம்மா போனை எடுக்கவே மாட்டார். எந்த வாரம் பேச வேண்டுமோ அந்த வாரமே தொடர்பு அறுந்துவிடும். கேட்க வேண்டியவை வேறு. எந்த நேரத்தில் கை நீண்டது? அப்போது பசியா, குளிரா, சலிப்பா, வீட்டில் சண்டையா? அடுத்த முறை அதே நேரம் வந்தால் என்ன செய்வீர்கள்? மாலை நாலரைக்கு மூடுபனி இறங்கும்போது டீயோடு நாலு வர்க்கி பிஸ்கட் உள்ளே போவது இங்கே பசியால் அல்ல, பழக்கத்தால். "வர்க்கியே தொடமாட்டேன்" என்ற சபதம் ஒரு வாரம் தாங்காது. அது உடைந்த அன்றே "எல்லாம் போச்சு" என்று பாக்கெட்டும் காலியாகும். அந்த நினைப்புதான் வர்க்கியைவிட ஆபத்து. டீ ஒரு டம்ளர், வர்க்கி ஒன்று, பாக்கெட் உயரத்து அலமாரியில் என்று முன்கூட்டியே பேசிவைத்தால் நிற்கும்.

எடை பார்ப்பதும் ஒரு கலை. வாரம் ஒருமுறை, காலையில், வெறும் வயிற்றில், அதே தராசில், சிமெண்டுத் தரையில். ஸ்வெட்டர், ஜெர்கின், ஷூவோடு ஏறினால் ஒன்றரை, இரண்டு கிலோ அதிலேயே வந்துவிடும். கவலைப்பட வேண்டிய அளவே அதுதான். ஒன்றரை கிலோ ஏறினால் சாப்பாட்டைக் குறித்துவைக்கத் தொடங்க வேண்டும். இரண்டரையை நெருங்கினால் அன்றே ஆலோசகரைக் கூப்பிட வேண்டும். கல்யாண விருந்துக்கு மறுநாள் ஏறும் ஒரு கிலோவில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான். இரண்டு வாரம் தொடர்ந்தால்தான் கணக்கு. கட்டுப்பாடில்லாமல் வாரிச் சாப்பிடுகிறவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறவர்கள், நாளுக்குப் பத்து முறை தராசில் ஏறுகிறவர்கள் இந்த வழிக்கு வரக் கூடாது. அவர்களுக்கு மனநல மருத்துவர்தான் வேண்டும்.

உடற்பயிற்சி பற்றிச் சுருக்கமாக: குறைத்த எடையைக் காக்க வாரம் 200 முதல் 300 நிமிடம் தேவை. "அதிகாலையில் நடங்கள்" என்று சமவெளி மருத்துவர் எழுதிக்கொடுத்துவிடுவார். கோத்தகிரியில் அந்நேரம் கரடியும் காட்டெருமையும் எதிரே வரும், கூடலூரில் யானை வரும். வெளிச்சம் வந்தபின் நடக்கலாம். மழை பிடித்தால் வீட்டுப் படியில் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை ஏறி இறங்கலாம். மழைக்கான ஏற்பாட்டை மே மாதமே பேசி முடிக்க வேண்டும். ஜூனில் யோசித்தால் ஆகஸ்ட் வரை நடை நின்றுபோகும்.

இதற்குப் புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மருந்தோடு ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. அதன் உளவியலாளர்கள் மேலே சொன்ன கேள்விகளில் இவர்களுக்குப் பயிற்சி தரலாம். இரண்டு வாரத்துக்கு ஒரு போன், பதினைந்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு 26 அழைப்பு, ஒருவருக்கு ஆறரை மணி நேரம். இந்த வேலைக்குத் தனி ஊக்கத்தொகை தர வேண்டும். இருக்கிற சுமையின் மேல் சும்மா ஏற்றிவைக்கக் கூடாது. சிக்னல் எட்டாத எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பத்துப் பேராகக் கூடலாம். மனச்சோர்வு தெரிந்தால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அப்போதே கையில் கொடுக்க வேண்டும்.

முதலில் ஒரு வட்டாரத்தில் ஓராண்டு நடத்திப் பார்க்கலாம். கோத்தகிரியிலேயே தொடங்கலாம் என்று மாவட்டச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உளவியல் ஆலோசகர்களும் உணவியலாளர்களும்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.