சத்துணவு அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

நேற்று மாஜிஸ்திரேட் முன்னால் என் பிள்ளையின் வாக்குமூலம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தோசை கேட்டுச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு எழுதவே கை வந்தது. நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், திரும்பச் சொல்லப்போவதில்லை. பெயர், ஊர், பள்ளி எதையும் எழுதமாட்டேன், பிள்ளையை அடையாளம் காட்டக்கூடாது என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமே சொல்கிறது, யாரும் கேட்கவும் வேண்டாம்.

முதல் நன்றி பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு. முட்டையை முதல் ஆளாக வாங்கித் தின்னும் பிள்ளை தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போவதையும், மணி அடித்தும் வீட்டுக்குக் கிளம்பாமல் குழாயடியில் நிற்பதையும் அவர்தான் கவனித்திருக்கிறார். குடைந்து எதுவும் கேட்காமல், "எனக்குக் கொஞ்சம் கீரை ஆய்ஞ்சு தர்றியா கண்ணு" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பிள்ளையே வாயைத் திறந்தது. அப்போதும் பதறாமல், "சொன்னது நல்லதாப் போச்சு, உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லிவிட்டு நேரே டீச்சரிடம் போயிருக்கிறார். பெற்ற என்னிடம் சொல்ல முடியாததை அவரிடம் சொல்ல முடிந்ததில் எனக்கு வருத்தமே இல்லை, சொல்வதற்கு ஓர் ஆள் இருந்தாரே.

அப்புறம், அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்த டீச்சர், "பேசி முடிச்சிக்கலாம், பிள்ளை பேரு கெட்டுடும்" என்று வந்தவர்களிடம் தெரிந்தும் புகார் கொடுக்காவிட்டால் அதுவே குற்றம் என்று போக்சோவின் 19, 21-ஆம் பிரிவுகளைச் சொல்லித் திருப்பி அனுப்பிய தலைமையாசிரியை, யூனிஃபார்ம் இல்லாமல் சுடிதாரில் வீட்டுக்கே வந்து தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட எஸ்.ஐ. மேடம், கோர்ட் வரை கூடவே வந்த குழந்தைகள் பாதுகாப்பு அலகுத் தம்பி, இன்றைக்கும் எங்களோடு முன்போலவே பேசிப் பழகும் எதிர்வீட்டுக்காரர்கள், எல்லோருக்கும் நன்றி.

போக்சோ சட்டம் வந்தது 2012-இல். எங்கள் பள்ளிச் சுவரில் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் பெரிதாக எழுதியிருக்கின்றன, வகுப்பில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதலும் சொல்லித் தருகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் பயந்துபோன பிள்ளை சுவரில் உள்ள எண்ணைப் பார்த்துத் தானே போன் போட்டுவிடாது, அதற்கு முன்னால் யாராவது ஒரு பெரியவர் அதன் முகத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெரியவர் சமையல் அக்காவாக இருக்கலாம், வேன் டிரைவராக இருக்கலாம், வாட்ச்மேன் தாத்தாவாகவும் இருக்கலாம். எங்கள் பள்ளியில் பயிற்சிக்குக் கூப்பிடுவது ஆசிரியர்களை மட்டும்தான். அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இவர்கள் எல்லோரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன், தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கும்வரை விடப்போவதில்லை. அந்தப் பயிற்சியில் முதலில் பேச நம் அக்காவைத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்வேன்.