211 என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

31 ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற வாரம் என் பேத்தி, வெயிலில் நின்ற காருக்குள் இரண்டு நாளாகக் கிடந்த பழப்பானப் பாட்டிலைத் திறக்கப் போனாள். வாங்கிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடி போதாமல் பூதக்கண்ணாடி வைத்துத்தான் லேபிளைப் படிக்க முடிந்தது: பதப்படுத்தும் பொருள் 211. அடுத்த வரியிலேயே வைட்டமின் சி. அழுதாள், ஆனாலும் கொடுக்கவில்லை.

211 என்பது சோடியம் பென்சோயேட். அதை நஞ்சு என்று நான் சொல்லமாட்டேன். புளிப்பான பானத்தில் அது பென்சாயிக் அமிலமாகி, ஈஸ்ட், பூஞ்சண செல்களுக்குள் புகுந்து அவை பெருகவிடாமல் தடுக்கிறது. கிராம்பிலும் பட்டையிலும் அதே அமிலம் இயற்கையாகவே உண்டு. நம் உடலில் சேர்வதைக் கல்லீரல் கிளைசின் என்ற அமினோ அமிலத்தோடு இணைத்து, ஹிப்யூரிக் அமிலமாக்கிச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. வகுப்பில் இதை விளக்கும்போதெல்லாம் கல்லீரலை எண்ணி வியந்திருக்கிறேன்.

என் கவலை வேறு. சோடியம் பென்சோயேட் வைட்டமின் சியோடு ஒரே பாட்டிலில் இருக்கும்போது வெப்பமும் வெளிச்சமும் பட்டால், அதிலிருந்து மிகச் சிறிய அளவில் பென்சீன் உருவாகலாம். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். 1990-லேயே குளிர்பானத் துறைக்கு இது தெரியும். அப்படியிருந்தும் 2005, 2006-இல் அமெரிக்காவில் சோதித்தபோது, குடிநீருக்கு அங்கு விதித்திருக்கும் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பைச் சில பானங்கள் தாண்டியிருந்தன. அதன் பிறகுதான் அவற்றின் தயாரிப்பு முறையை மாற்றினார்கள்.

அளவுக்கு வருகிறேன். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் வரை உட்கொள்ளலாம் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழுவோ 2021-இல் தன் வரம்பை 20 ஆக உயர்த்தியது. என் பேத்தியின் எடை 15 கிலோ. ஒரு கணக்கில் அவளுக்கு 75 மில்லிகிராம், மற்றொன்றில் 300. ஐரோப்பிய விதிப்படி குளிர்பானத்தில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை சேர்க்கலாம். அந்த உச்ச அளவில் அரை லிட்டர் குடித்தாலே 75 ஆகிவிடும். அவள் கையில் இருந்த பாட்டிலில் எவ்வளவு? லேபிளில் இல்லை. எந்த நிபுணரை நம்பினாலும் என்னால் கணக்குப் போட முடியாது.

சர்க்கரையை கிராமில் அச்சிட இடம் இருக்கிறதே! 211 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் மில்லிகிராமையும் அச்சிட வேண்டும். வைட்டமின் சியும் சேர்ந்திருந்தால் 'வெயிலில் வைக்காதீர்கள்' என்று பாட்டிலின் முன்பக்கத்தில், பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்கும் எழுத்தில் போட வேண்டும். தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து கேட்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்