அந்தப் பேனாக்கத்திகளைத் தேய்த்துவிடாதீர்கள்

குமுளி,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள நண்பர் சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதமும் புகைப்படங்களும் கிடைத்தன. இங்கே ஏலக்காய்ப் பறிப்பு நடக்கிறது, மழைதான் விட்டபாடில்லை. மகளுக்கு வரன் அமைந்த செய்தி அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். புனலூரில் பழைய சாமான் விற்கும் ஆக்ரிக் கடையில் வாங்கிய மூன்று பேனாக்கத்திகளையும் சாணைக்காரரிடம் கொடுத்துப் பளபளப்பாக்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் இந்தக் கடிதம் வந்து சேர வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன்.

பழைய மடக்குக் கத்தியை விலைக்குக் கேட்பவர் முதலில் பார்ப்பது, அலகில் எவ்வளவு எஃகு மிச்சம் இருக்கிறது என்பதை. அடுத்து, அலகு பிடியோடு சேரும் அடிப்பகுதியில் அடித்திருக்கும் முத்திரையைப் படிக்க முடிகிறதா என்று பார்ப்பார். சாணைச் சக்கரம் இந்த இரண்டையும்தான் முதலில் தின்னும். சாம்பலும் நீலமுமாகப் படிந்திருக்கும் கறை கார்பன் எஃகின் வயதுக்கு இயல்பானது. அதை அப்படியே விட்டுவிடலாம். சிவப்பாக உதிரும் துருவை மட்டும் தையல் இயந்திர எண்ணெய் தொட்டு, மூங்கில் குச்சியாலும் பழந்துணியாலும் பொறுமையாக எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மூட்டில் அழுக்கைச் சேர்க்கும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

தேய்மானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. அலகின் வாய், அடிப்பகுதியிலிருந்து நேராகவே கிளம்பினால் அதிகம் தேயவில்லை என்று கொள்ளலாம். அடியில் அகலமாக இருந்து, அங்கிருந்து ஒரு படி இறங்கியதுபோல் குறுகினால், பல ஆண்டுகள் சாணை கண்ட அலகு அது. பிறகு கத்தியை மடக்கிப் பாருங்கள். முனை பிடிக்குள் அடங்காமல் தலை நீட்டினால், வாய்ப்பக்கம் தேய்ந்து தேய்ந்து முனை முதுகுப்பக்கம் ஏறிவிட்டது என்று பொருள். விரித்தாலும் மடக்கினாலும் 'டக்'கென்று ஓசை வர வேண்டும். விரித்த அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. தங்கள் படங்களில் எருமைக்கொம்புப் பிடி போட்ட கத்தியின் பெரிய அலகு ஏறக்குறைய முழுதாக இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உண்மையாகவே அப்படி இருந்தால், மூன்றில் அதுதான் மதிப்புள்ளது.

அதில் ஜோசஃப் ராட்ஜர்ஸ் என்று பெயர் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கத்திகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தின் மிகப் பழைய நிறுவனப் பெயர்களில் ஒன்று அது. நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் சேர்ந்த அவர்களுடைய குறி 1682-இல் பதிவானது. அந்தப் பேருக்கு இருந்த மவுசினால் போலிகளும் பெருகின. ஆகவே லென்ஸ் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பெயரின் நடுவே வரும் 'டி' விட்டுப்போயிருந்தாலோ, நட்சத்திரத்துக்குப் பதில் வேறு ஏதோ பூ இருந்தாலோ, சந்தேகப்பட வேண்டியதுதான். ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் 'ஜி.ஆர்.' என்ற எழுத்துகள் இருப்பதால் இருநூறு வருடக் கத்தி என்று கடைக்காரர் சொன்னாராம்! நான்காம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1910-இல் பட்டம் ஏறிய ஐந்தாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான், 1952 வரை இருந்த ஆறாம் ஜார்ஜும் ஜார்ஜ்தான். 'வி.ஆர்.' என்றிருந்தால் விக்டோரியா காலத்தது, அதாவது 1837-க்கும் 1901-க்கும் இடைப்பட்டது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம், ஜி.ஆர். அவ்வளவு உதவாது. 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லும் இருந்தால், ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கிய 1913-க்கு முன்னால் போகவே முடியாது.

நாட்டின் பெயரும் ஒரு துப்பு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்ததால், 'இங்கிலாந்து' என்று பொறித்த கத்தியைப் பெரும்பாலும் அதற்குப் பிந்தையதாகக் கொள்வார்கள். ஆனால் நம் பக்கத்து எஸ்டேட் பங்களாக்களுக்கு வந்து சேர்ந்த கத்திகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தவில்லை. நாட்டின் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து வயதைக் கூட்டிச் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இரண்டாவதான, ஜெர்மனியின் ஸோலிங்கன் நகரத்துக் கத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஆமை ஓடு போல மினுங்கும் அந்தப் பிடி பெரும்பாலும் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருக்கும். கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் சந்தேகமே வேண்டாம், ஏனென்றால் அதைச் செய்ததே கற்பூரம் கலந்துதான். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செல்லுலாய்டு சட்டென்று தீப்பற்றும். அந்த விளையாட்டு வேண்டாம். பழையதாக ஆக ஆக அது அமில ஆவியை விடும். மூடிய டப்பாவில் அது கூட இருந்தால் மற்ற இரண்டு கத்திகளும் துருப்பிடிக்கும். இன்றைக்கே பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து, காற்றாடும் இடத்தில் தனியாக வையுங்கள்.

மூன்றாவதான சிவப்பு விக்டோரினாக்ஸ், அதாவது சுவிஸ் கத்தி, நல்ல கத்தி, ஆனால் அரிதானதல்ல. அதைப் பழம் நறுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

விலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். விற்பவர் கேட்கும் தொகையை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அதே நிறுவனத்தின், அதே வடிவத்தின், அதே அளவு தேய்ந்த கத்தி உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்பதைத் தேடுங்கள். அலகு ஒடிந்ததோ மாற்றியதோ என்றால் பெயர் எவ்வளவு பெரியதானாலும் விலை அடிமட்டத்துக்கு வந்துவிடும். கொம்புப் பிடியில் பூச்சி அரித்த பள்ளமோ ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசலோ இருந்தாலும் கணிசமாகக் குறையும். அந்தப் பக்கத்தைத் தாங்கள் படம் எடுக்கவில்லை.

அதே கடையில் மான்கொம்புப் பிடி போட்ட நான்காவது கத்தியும் இருப்பதாகவும், அடுத்த வாரம் போய்ப் பேரம் பேசப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிடியின் இரு பக்கமும் ஒரே அச்சாக இருந்தால் அது பிளாஸ்டிக். வாங்குவது தங்கள் விருப்பம். மேடுபள்ளம் பக்கத்துக்குப் பக்கம் மாறி, அசல் மிளாக்கொம்பாகத் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் கைவைக்காதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வியாபாரத்தைத் தடை செய்கிறது. ஆரியங்காவு சோதனைச் சாவடியைத் தாண்டித்தானே நீங்கள் செங்கோட்டைக்குத் திரும்ப வேண்டும்?

தங்கள் அன்புள்ள,
இராசேந்திரன்